காலிக் கோட்டையின் பழைய வாயில்

கொழும்பிலிருந்து கடலை ஒட்டியே ஓடும் புகையிரதத்தில் காலிக்குச் சென்று இறங்கியதும், கிரிக்கெட் மைதானத்தை நோக்கி நிற்கும் பெருவாயிலை விட்டுவிட்டு, துறைமுகப் பக்கமாகச் சுற்றி நடந்து பழைய வாயிலை அடைந்தேன். பெருவாயில் 1873இல் ஆங்கிலேயர் மதிலை உடைத்துத் திறந்தது. நான் காண விரும்பியது அதற்கு இரண்டு நூற்றாண்டு முந்தியது.

வெளிமுகப்பில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கி நிற்கும் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. வளைவைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், அதே வாயிலின் மறுமுகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் தெரிகிறது: பின்னிப் பிணைந்த முத்திரை எழுத்துகள், இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், உரோம எண்களில் 1669 என்ற ஆண்டு. போர்த்துக்கேய மொழியில் சேவலைக் குறிக்கும் சொல் இந்த ஊர்ப்பெயரைப் போலவே ஒலித்ததால்தான் சேவல் காலியின் சின்னமாயிற்று என்பார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் கோட்டையைப் பறித்த ஒல்லாந்தர், அந்தச் சேவலை மட்டும் விரட்டாமல் தங்கள் வாயிலின் தலையில் ஏற்றி வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொழும்பு சரணடைந்ததை அடுத்து, 1796 பெப்ரவரியில் காலி சண்டையின்றி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. வெளியிலிருந்து வருபவர் முதலில் காணும் முகத்தில் புதிய ஆட்சியாளரின் சின்னமும், உள்ளே வாழ்பவர் நாள்தோறும் காணும் முகத்தில் பழைய கம்பனியின் சின்னமும் இன்றுவரை நிலைத்துவிட்டன. ஆட்சி மாற்றத்தை இவ்வளவு துலக்கமாகச் சொல்லும் வேறொரு கல்லை நான் கண்டதில்லை.

இந்த வாயில் மதிலில் தனியாக அமைந்ததன்று; நீண்டதொரு பண்டகசாலையின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. காவலும் வணிகமும் ஒல்லாந்தருக்கு ஒன்றாகவே இருந்தன என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே கறுவாவும் மிளகும் போய்வந்த வழியைக் கம்பனி தன் சுவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது கடல்சார் அருங்காட்சியகம் இயங்குகிறது.

நண்பகல் வெயிலிலும் வளைவின் உட்புறம் குளிர்ந்திருந்தது. முச்சக்கரவண்டி ஒன்று வந்தபோது சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். உள்ளங்கையில் பட்ட கல் சொரசொரவென்று இருந்தது. மாலையில் நிலையத்துக்குத் திரும்பும்போதும் பெருவாயில் பக்கம் போகாமல், சேவலை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு இந்த வழியாகவே வெளியேறினேன்.