கண்ணுக்குத் தப்பும் வலிப்புகள்

வலிப்பு என்றதும் நம் ஊரில் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது, ஒருவர் நினைவிழந்து விழுந்து கைகால்கள் வெட்டி இழுக்க, சுற்றி நிற்பவர்கள் சாவிக்கொத்தைத் தேடி அவர் கையில் திணிக்கும் காட்சிதான். அத்தகைய வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுவதால், இரும்புக்குக் கிடைத்த பெயர் இன்றுவரை கெடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் கவனித்து, ஐந்து நிமிடங்களைக் கடந்தால் 108-ஐ அழைப்பதே அங்கு செய்ய வேண்டியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வரும் வலிப்பும் பெற்றோரைக் கதிகலங்க வைத்தாலும், சில நிமிடங்களில் நின்றுவிடுமானால் பொதுவாக மூளைக்குத் தீங்கு செய்வதில்லை. பார்ப்பவர் பயப்படும் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு, அதற்கு நேர்மாறான ஒரு வலிப்பைச் சொல்ல வேண்டும்.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை, தூங்கி எழுந்ததும் தலையை முன்னே கவிழ்த்து, கைகளை விரித்து, வணங்குவதுபோல் ஒரு நொடி வெட்டிக்கொள்கிறது; சில நொடிகள் கழித்து மறுபடியும், பிறகு மறுபடியும். 1841-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் சொந்த மகனிடம் இதைக் கண்டு, வேறு எவருக்கேனும் இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டு லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயராலேயே இது வெஸ்ட் நோய்க்குறி எனப்படுகிறது. நம் வீடுகளில் இதைக் குழந்தை பயந்துவிட்டது என்றோ, உரம் விழுந்திருக்கிறது என்றோ, வயிற்று வலி என்றோ கருதி, மந்திரித்துக் கயிறு கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த வாரங்களில்தான் குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துகிறது, பிடித்த தலை மீண்டும் துவள்கிறது. ஹார்மோன் ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்று சிகிச்சைகள் இருந்தும், அவை எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகின்றன என்பது குழந்தையின் பிற்கால வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த அசைவைக் கைபேசியில் காணொளியாக எடுத்துக் காட்டுவது, மருத்துவருக்கு எந்த வருணனையையும்விட உதவும்.

இதன் காரணங்களில், பிறப்பின்போது ஏற்படும் ஆக்சிஜன் குறைவும், பிறந்த முதல் நாட்களில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவதும் நம் நாட்டில் முக்கியமானவை. பின்னதைத் தடுக்க, குறிப்பாக எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு, முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்குவது பெரிதும் உதவுகிறது. ஆனால் சேனை வைக்க மாமா வர வேண்டும் என்று சில குடும்பங்கள் அந்த நேரத்தைக் கடத்திவிடுகின்றன. சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் பட்டதே போதும் என்று நினைப்பவர்களிடம் சடங்கைப் பால் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தேனை ஒரு வயது வரை தரவே கூடாது.

ஆசிரியராக நான் அதிகம் கவனிப்பது இன்னொரு வகையை. பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கும் குழந்தை வரியின் நடுவில் நின்று, பத்து நொடிகள் வெறித்துப் பார்த்து, இமைகள் லேசாகத் துடிக்க, பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடரும். ஒரே நாளில் இது பல முறை நிகழலாம். கனவு காணும் குழந்தையைக் கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ திரும்பிப் பார்க்கும், இந்தக் குழந்தை பார்க்காது. கவனமில்லாதவன் என்று மதிப்பெண் அட்டையில் எழுதப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஒரு இ.இ.ஜி. பரிசோதனையும் ஒழுங்கான மாத்திரையும்தான்.

அந்த மாத்திரையை வலிப்பு வரவில்லையே என்று தாமாகவே திடீரென நிறுத்துவது, நீண்ட நேரம் அடங்காத வலிப்பைக் கொண்டுவரக்கூடும். எப்போது குறைக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெண் பிள்ளையின் திருமணம் கெட்டுவிடும் என்று அஞ்சி நோயையே பள்ளியிடம் மறைக்கும் பெற்றோரும் உள்ளனர். வலிப்பைத் திருமணத்திற்குத் தடையாகச் சொன்ன சட்ட வரிகள் 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. உறவினர் மனங்களில் அவை நீங்கவில்லை. வகுப்பாசிரியருக்கு மட்டுமாவது, மருந்தின் பெயர், வலிப்பு எப்படித் தொடங்கும், யாரை அழைப்பது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், நாங்கள் சாவி தேடாமல் செய்ய வேண்டியதைச் செய்வோம்.