“மதி மக்களே, நீ எடுத்துக்க”

சித்தப்பா இதைச் சொன்னது 2017 அக்டோபரில், ஒரு கடற்கரை ஊரின் திருவிழாத் திடலில் ராட்டினம் போடும் உரிமைக்கான ஏலத்தில். கமிட்டிக்காரர் மூன்றாம் தரமும் சொல்லி நோட்டில் என் பெயரை எழுதிவிட்டார். எழுந்து போகும்போது சித்தப்பா என் தோளில் ஒரு தட்டு தட்டினார். லேசாகத்தான்.

எங்கள் பக்கத்தில் ‘மதி’ என்றால் போதும். ‘மக்களே’ என்றால் பிள்ளையைப் பாசமாகக் கூப்பிடுவது. யாருக்குப் போதும் என்றார்? தனக்கா, எனக்கா? இல்லை, ‘இதுக்கு மேல ஏறாதே, கெட்டுப்போவே’ என்றாரா? இத்தனை வருஷம் கழித்தும் ராத்திரி ஜெனரேட்டரை அணைத்த பிறகு வரும் அமைதியில் இதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் திடல் சித்தப்பாவுடையது. எழுத்தில் இல்லை, வழக்கத்தில். 11 வருஷம் அவர்தான் எடுத்தார். பாகம் வைத்தபோது ஜெயன்ட் வீல் அப்பாவுக்கு, குதிரை ராட்டினம் சித்தப்பாவுக்கு என்று பிரிந்தது. அவர் அப்புறம் ஊஞ்சல் மாதிரி ஆடும் ஒரு கொலம்பஸ் கப்பலும் வாங்கினார். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே ஏலத்தில் எதிரெதிரே உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துவந்தது. உடைத்தவன் நான்.

இந்தத் தொழில் தொடங்கியது பாட்டாவால். அப்பாவின் அப்பா, மரவேலைக்காரர். அயினி மரத்தில் நாலு பெட்டி வைத்து ஒரு கைராட்டினம் செய்து, மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று சுற்றுவார்கள். பிறகு நாகர்கோவில் பட்டறையில் அடித்த இரும்புக் குதிரைகள். 1994-ல் வட்டிக்கு வாங்கிய காசில் கொல்லத்திலிருந்து பழைய ஜெயன்ட் வீல், 12 பெட்டி. கார்த்திகையில் கோவில் திருநாள்கள், மார்கழியில் சுசீந்திரம், தையில் நாகராஜா கோவில், மாசியில் மண்டைக்காடு. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் இரும்பெல்லாம் தோட்டத்தில் தார்ப்பாய்க்குள். பெயின்ட் அடிக்கும் காலம் அதுதான். வளர்ந்த கதை என்று சொன்னால் இவ்வளவுதான். அம்மை டிக்கெட் கிழித்தே அதில் பாதியைக் கட்டினாள்.

சரி, நான் ஏன் அந்த ஏலத்துக்குப் போனேன்? காரணம் இருந்தது. 2016 நவம்பர் 8-ம் தேதி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். அந்த வருஷக் கார்த்திகைத் திருவிழாக்களில் 50 ரூபாய் டிக்கெட்டுக்கு 2000 ரூபாய் நோட்டை நீட்டினார்கள். சில்லறை இல்லாமல் ஆளைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. ராட்டினத்துக்கு 28 சதவீதம் என்று கேட்டு அப்பா படுத்துவிட்டார். எங்கள் வரவு 20 லட்சத்தைத் தொடாது, நமக்கு அது இல்லை என்று ஆடிட்டர் சொல்லியும் அவருக்குப் பயம் தீரவில்லை. (2018 ஜனவரியில் அதை 18 ஆக்கினார்கள், அது வேறு கதை.) வீல் மேல் கடன் நின்றது. அதோடு, பிரேக் டான்ஸ், டோரா டோரா மாதிரி ராட்டினமெல்லாம் வைத்திருக்கும் வெளியூர்ப் பார்ட்டி ஒன்று அந்த ஏலத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் கையில் போவதற்கு நம் குடும்பத்திலேயே இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே சரியாகத்தான் படும். ஆனால் வெளியூர்ப் பார்ட்டி 2,60,000-லேயே கையை விரித்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும். அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பத்துப் பத்தாயிரமாக ஏறி, சித்தப்பா 3,40,000 என்றார், நான் 3,50,000 என்றேன். அப்போதுதான் ‘மதி’.

விட்டுக்கொடுப்பவர் ஏன் நாலு தடவை ஏற்றினார்? மாட்டிவிட நினைத்தவர் ஏன் மக்களே என்றார்? ஏலத்தில் அடுத்தவனை ஏற்றிவிட்டு நழுவுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. 11 வருஷ வசூல் அவர் விரல்நுனியில். என் கையில் டிக்கெட் கட்டின் பின்பக்கம் எழுதிய ஒரு கணக்கு மட்டும். பெட்டிக்கு நாலு பேர், சுற்றுக்கு 48 பேர், 2400 ரூபாய். மணிக்கு ஆறு சுற்று, நாலு மணி நேரம், ஆக 57,600. ஆனால் இப்படி நிறைவது கடைசி மூன்று நாள்தான். முதல் ஏழு நாள் தினம் பத்தாயிரம் வந்தால் பெரிது. மொத்தம் 2,42,800. குட்டி ரயிலுக்கும், பலூன் சுடுகிறவருக்கும், வளையம் எறிகிற கடைக்கும் இடம் கொடுத்து 1,20,000 தேற்றலாம். டீசல், ஒன்பது பேர் சம்பளம் எல்லாம் கழித்தால் கையைச் சுடும். தேர் பவனி அன்றைக்கு விடியவிடியக் கூட்டம் நின்றால் தப்பிக்கலாம். இதை எழுதிய பிறகுதான் ஏலத்துக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 24 கொடியேற்று. ஆறு நாளில் 61,000 வசூல், கிட்டத்தட்ட நான் போட்ட கணக்கு. 29-ம் தேதி ராத்திரி பதினொன்றுக்கு சித்தப்பா போன் செய்தார். ஏலத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“காத்து ஒரு மாதிரியா இருக்கு. பெட்டியெல்லாம் களத்திரு.”

மழையில் நனைந்துகொண்டே 12 பெட்டியையும் இறக்கினோம். மறுநாள் ஒக்கி புயல். டிக்கெட் கவுண்டரின் தகரம் எங்கே பறந்ததென்று தெரியவில்லை, திடலோரப் புன்னை வேரோடு சாய்ந்தது. காற்றைப் பிடிக்கப் பெட்டி இல்லாததால் வீல் நின்றது.

அதன் பிறகு அந்த ஊரில் திருவிழா இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கரண்ட் கம்பமெல்லாம் விழுந்து கிடக்க, எங்கள் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு மேஜையில் நாற்பது ஐம்பது செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எதில் மணி அடித்தாலும் எல்லாப் பெண்களும் ஓடிவருவார்கள். நல்ல காரியம் செய்ததாக எழுதவில்லை, சும்மா நின்ற ஜெனரேட்டர் அது. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றும் 3,50,000 என்று என் மனசு கணக்குப் போட்டது. இது எனக்கு இன்றும் வெட்கம். கட்டிய முன்பணத்தை நான் கேட்கவில்லை, பாக்கியை அவர்களும் கேட்கவில்லை.

திருவிழாவின் அந்தக் கடைசி மூன்று நாள் நடந்திருந்தால் தெரிந்திருக்கும். ஜெயித்திருந்தால் சித்தப்பா விட்டுக்கொடுத்தார், தோற்றிருந்தால் மாட்டிவிட்டார். இப்படி நினைப்பதும் அபத்தம்தான், வசூலை வைத்து மனுஷன் மனசை அளக்க முடியுமா? போன் செய்தது பாசம் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். தன் அண்ணன் வாங்கிய இரும்பு விழக் கூடாதென்று செய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நேரம் தோன்றும். அடுத்த வருஷம் ஏலத்துக்கு நான் போகவில்லை. சித்தப்பாவும் போகவில்லை.

போன மண்டைக்காட்டுக் கொடையில் அவர் கப்பலும் எங்கள் வீலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கூட்டம் கலைந்த பிறகு கட்டன் சாயா குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

“சித்தப்பா, அன்னைக்கு அந்த ஏலத்தில...”

“எந்த ஏலம்?” என்றார். கண் வீலின் மேல் இருந்தது. “ஏழாம் பெட்டி வரும்போது ஒரு சத்தம் கேக்குவு. ஏறிப் பாரு மக்களே.”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினேன். போல்ட் லூசாகத்தான் இருந்தது.