ஜூன், இரண்டாம் ஷிஃப்ட்

ஜூன் 5
லேபிலிருந்து இன்னும் பதில் இல்லை. மாம்பழக் கூழ் டிரம்கள் குடோனிலேயே நிற்கின்றன.

ஜூன் 6
பெங்களூரா மாம்பழம் வரத்து அதிகம். வாசலில் லாரி வரிசை. முதல் ஷிஃப்ட் ஆள் கிளம்பும்போது பழம் பிரிக்கிற பெல்ட் பக்கம் பார்த்து, "ஒழுங்கா பாருங்கம்மா, கவனம், கவனம்" என்று கத்திவிட்டுப் போனார். யாரும் நிமிரவில்லை. எதைக் கவனிப்பது? பழத்தில் பத்துக் குறை இருக்கும். ஒரு பழத்தை எடுத்துக் காட்டினேன். "கறுப்பு ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிசா இருந்தா வெட்டுற டேபிளுக்கு. சின்னதுன்னா விட்டுடுங்க. காம்புப் பக்கம் அமுக்கினா உள்ள போகுதா, கழிவு." பர்கூர் அக்கா உடனே கேட்டார்: "ரெண்டு சின்னது பக்கத்துல பக்கத்துல இருந்தா?" சேர்த்து ஒன்றாகக் கணக்கு என்றேன். இப்படிக் கேள்வி வந்தால்தான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று நம்புவேன். தலையாட்டலை நம்புவதில்லை.

வேப்பனஹள்ளிப் பையன் இன்றும் வரவில்லை.

ஜூன் 7
மழை. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் யாரிடம் எதைச் சொல்வது.

ஜூன் 9
ஓசூரில் பயிற்சி வகுப்பு. காலை முழுக்க ஊக்கம், உத்வேகம், ஸ்லைடு மேல் ஸ்லைடு. சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுத்த அம்மா சொன்ன ஒன்றில்தான் தூக்கம் கலைந்தது. க்ளூகர், டெனிசி என்று இருவர் 1996-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்களாம். செய்த வேலை எப்படி இருந்தது என்று எடுத்துச் சொன்னால் பொதுவாகப் பலன் கூடுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் பலன் குறைந்தே போயிருக்கிறது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால், கேட்பவன் மனசு தன் மானத்தைக் காக்கப் போய்விடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆளைப் புகழ்ந்தாலும் அப்படித்தானாம்.

பஸ் சூளகிரி தாண்டியும் இதே நினைப்பு. பையனை அன்று எல்லார் முன்னாலும் "உனக்கெல்லாம் மூளையே கிடையாதா" என்று கேட்டார்கள். கூழ் பிழிகிற பல்ப்பர் மெஷினில் சல்லடையை மாற்றிப் போட்டது தப்பு, சரி. எந்தச் சல்லடை எப்போது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் தெலுங்கு பேசுகிற பையன். இங்கே உத்தரவெல்லாம் பாதி இங்கிலீஷ், அதுவும் நடந்துகொண்டே.

ஜூன் 10
கூழின் இனிப்பளவு, பிரிக்ஸ், 14.2. தப்பித்தோம். 14-க்குக் கீழே போனால் வாங்குகிறவர் தொடமாட்டார்.

ஜூன் 11
பையனுக்குப் போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தார். "தோட்டத்துல இருக்கான்ண்ணா." நைசாகப் பேசிக் கூப்பிடப் பிடிக்கவில்லை. இதை மட்டும் சொல்லச் சொன்னேன்: வந்தால் அதே பல்ப்பர்தான். முதல் வாரம் சல்லடை மாற்றும்போது நானும் கூட நிற்பேன், அப்புறம் அவன் பாடு.

"கூலிக்கு வர்றவனுக்கு இவ்வளவா?" என்று முதல் ஷிஃப்ட் ஆள் சிரிக்கிறார். அவனுக்குப் போன வாரக் கூலி பாக்கி நிற்கிறது. அதைத் தராமல் எந்தப் பேச்சும் ஏறாது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 13
மாங்கனிக் கண்காட்சி ஆரம்பித்தால் ஷிஃப்ட் ஆட்களுக்கு அரை நாள் லீவு வேண்டுமாம். யார் என்றைக்கு என்று அவர்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நான் போட்டிருந்தால் சண்டைதான்.

ஜூன் 14
லேப் பதில் இல்லை. தூக்கமும்.

ஜூன் 15
பர்கூர் அக்கா புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "காம்புப் பக்கம் முதல்ல பாரு, அப்புறம் புள்ளி." நான் சொன்ன வரிசையைத் திருப்பிவிட்டார். கழிவு முதலிலேயே கழன்றுவிடுவதால் பெல்ட் வேகமாகப் போகிறது. அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 16
பையன் வந்திருக்கிறான். கேட்டில் பழைய பாஸ் செல்லாது என்று நிறுத்திவிட்டார்களாம். போய்ப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.