‘பெரி’ என்னும் கிரேக்க முன்னொட்டு: நீட் உயிரியலுக்குப் படித்தபோது நான் கண்ட வழி

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு நீட் தேர்வுக்குத் தயாரானபோது, என்னை முதலில் தடுமாற வைத்தவை உயிரியலின் கலைச்சொற்களே. பெரிகார்டியம், பெரிசைக்கிள், பெரிகார்ப், பெரிட்டோனியம் என்று தமிழ் எழுத்தில் படிக்கும்போது, முன்னால் நிற்கும் ‘பெரி’ என் காதில் ‘பெரிய’ என்றே விழுந்தது. பெரிசைக்கிள் என்றால் வேருக்குள் இருக்கும் பெரிய வளையம் என்று பல வாரங்கள் மனத்தில் வைத்திருந்தேன். மாதிரித் தேர்வு ஒன்றில் அந்தப் படத்தில் பாகங்களைத் தவறாகக் குறித்த பிறகுதான், கிரேக்க மொழியில் ‘பெரி’ என்பதற்குச் ‘சுற்றி’ என்று பொருள் என்பதைத் தெரிந்துகொண்டேன். தமிழ்வழியில் படிக்கும் தம்பி தங்கைகள் பலரும் இதே இடத்தில் இடறுவதைப் பின்னாளில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நீட் தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியலுக்கு உரியவை. 720 மதிப்பெண்களில் 360 அங்கே இருக்கின்றன. தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. ஆகவே இதய உறை என்னும் தமிழ்ச் சொல்லோடு பெரிகார்டியம் என்பதும், கனித்தோல் என்பதோடு பெரிகார்ப் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வர வேண்டும். அதற்கு நான் கைக்கொண்ட வழி எளியது. ‘பெரி’ என்று தொடங்கும் சொல்லைப் பார்த்தவுடன் ‘எதைச் சுற்றி?’ என்று கேட்டு, விடையைச் சொல்லின் பின்பாதியில் தேடுவேன். ‘கார்டியா’ இதயம், ‘ஆஸ்டியான்’ எலும்பு, ‘காண்ட்ரோஸ்’ குருத்தெலும்பு, ‘கார்போஸ்’ கனி, ‘டெர்மா’ தோல், ‘மிஸ்’ தசை. பெரிஆஸ்டியம் எலும்பைச் சுற்றிய உறை என்பதையும், பெரிகாண்ட்ரியம் குருத்தெலும்பைச் சுற்றிய உறை என்பதையும் அதன்பின் நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

ஆயினும் முன்னொட்டின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை எனக்குக் கற்பித்தது வேரின் குறுக்குவெட்டுத் தோற்றம். எண்டோடெர்மிஸ் என்றால் ‘உள்தோல்’. ஆனால் படத்தில் அது பெரிசைக்கிளுக்கு வெளியே இருக்கிறது. ‘உள்’ என்பது வெளியேயும் ‘சுற்றி’ என்பது உள்ளேயும் இருப்பது முரணாகத் தோன்றும். எண்டோடெர்மிஸ் என்பது, வேரின் வெளித்தோலுக்கும் மையத்துக்கும் இடைப்பட்ட பகுதியான புறணியின் கடைசி உள்ளடுக்கு. பெரிசைக்கிள் என்பது சாற்றுக்குழாய்த் திசுக்களைச் சுற்றிய வளையம். ஒன்றுக்கு அளவுகோல் புறணி, மற்றொன்றுக்கு அளவுகோல் அதற்கு உள்ளே இருக்கும் மையத் தொகுதி. இந்த வேறுபாடு பிடிபட்டதும், பக்கவேர்கள் பெரிசைக்கிளிலிருந்து தோன்றிப் புறணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன என்ற வரியும் படமாகவே மனத்தில் நின்றுவிட்டது.

கனிக்குப் பாடநூலைவிடச் சமையலறை நல்ல ஆசிரியர். மாம்பழத்தின் மெல்லிய தோல் எபிகார்ப், நாம் உண்ணும் சதை மீசோகார்ப், கொட்டையின் கடினமான ஓடு எண்டோகார்ப். மூன்றும் சேர்ந்ததே விதையைச் சுற்றிய பெரிகார்ப். தேங்காயில் நார் மீசோகார்ப், கொட்டாங்குச்சி எண்டோகார்ப். ஆனால் நாம் துருவி உண்ணும் பருப்பு பெரிகார்ப்பின் பகுதி அன்று. அது விதைக்குள் இருக்கும் எண்டோஸ்பெர்ம் எனப்படும் முளைசூழ்தசை. ‘தேங்காயின் உண்ணும் பகுதி எது?’ என்ற கேள்வியில் என் நண்பர்கள் பலர் மாம்பழத்தை நினைத்துக்கொண்டு மீசோகார்ப் என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். விதைகளில் எண்டோஸ்பெர்ம், பெரிஸ்பெர்ம் என்று இன்னொரு இணையும் உண்டு. எண்டோஸ்பெர்ம், பூவின் சூலில் உள்ள கருப்பைக்குள் (எம்பிரியோ சாக்) இரட்டைக் கருவுறுதலால் உருவாகி, பொதுவாக மும்மடியமாக, அதாவது மூன்று தொகுதிக் குரோமோசோம்களுடன் இருக்கும். மிளகிலும் பீட்ரூட்டிலும் காணப்படும் பெரிஸ்பெர்ம், கருப்பைக்கு வெளியே அதைச் சூழ்ந்திருந்த நியூசெல்லஸ் என்னும் சூல்திசுவின் எச்சம். அது தாய்த்தாவரத்தின் இருமடியத் திசு. உள்ளே, சுற்றி என்ற இடவேறுபாட்டிலேயே குரோமோசோம் எண்ணிக்கையின் வேறுபாடும் அடங்கியிருப்பதை உணர்ந்த நாள் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த நாள்.

விலங்கியலில் இணைகளாகப் படிப்பதையே பரிந்துரைப்பேன். முழுத் தசையைச் சுற்றியது எபிமைசியம், தசைக்கற்றையைச் சுற்றியது பெரிமைசியம், ஒவ்வொரு தசைநாரையும் சூழ்ந்தது எண்டோமைசியம். நரம்பிலும் இதே வரிசைதான். உட்செவியில் சவ்வுச் சிக்கலறைக்குள் இருக்கும் திரவம் எண்டோலிம்ப், அதைச் சுற்றி எலும்புச் சிக்கலறையில் இருக்கும் திரவம் பெரிலிம்ப். உணவுக்குழாயின் பெரிஸ்டால்சிஸ் என்பதை அலை என்று மட்டும் படிக்காமல், உணவுக் கவளத்துக்குப் பின்னால் உள்ள வட்டத்தசை அதைச் சுற்றி இறுக, முன்னால் உள்ள தசை தளர்கிறது என்று படியுங்கள். கரப்பான் பூச்சியின் பேரினப் பெயரான பெரிபிளானெட்டாவில் உள்ள ‘பிளானெட்’, கோளைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதன் பொருள் அலைவது, திரிவது. இரவில் அடுப்படியைச் சுற்றித் திரியும் பூச்சிக்குப் பொருத்தமான பெயர்.

மருத்துவப் படிப்பிலும் ‘எதைச் சுற்றி?’ என்ற கேள்வி என்னைக் கைவிடவில்லை. இதயத்தைச் சூழ்ந்த பெரிகார்டியத்தின் இரு அடுக்குகளுக்கு இடையே இயல்பாகவே சிறிது நீர் உண்டு. அது விரைவாக மிகுந்தால் இதயம் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியாமல் நசுங்கும் என்பதை, ‘சுற்றி இருப்பது இறுக்கினால் என்ன ஆகும்?’ என்று எண்ணியே விளங்கிக்கொண்டேன். வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வான பெரிட்டோனியம் என்றால் ‘சுற்றி இழுத்து விரிக்கப்பட்டது’. வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்தி, இந்தச் சவ்வின் வழியே இரத்தத்தின் கழிவுகளை அந்தத் திரவத்துக்குள் வரச்செய்து வெளியேற்றுவதே பெரிட்டோனியல் டயாலிசிஸ். சிறுநீரகங்களோ அந்தச் சவ்வுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஒலி ஒத்திருக்கும் எல்லாச் சொற்களிலும் இந்த முன்னொட்டைத் தேடக் கூடாது. பெர்மியபிள் (ஊடுருவவிடும்), பெரென்னியல் (பல்லாண்டு வாழும்) ஆகிய சொற்களில் இருப்பது ‘ஊடாக, முழுவதும்’ என்று பொருள்படும் லத்தீன் ‘பெர்’. காலில் உள்ள பெரோனியல் நரம்பின் பெயரோ, ஊசியைக் குறிக்கும் ‘பெரோனே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதே பொருள் தரும் லத்தீன் சொல்லே, கீழ்க்காலின் வெளிப்புற எலும்புக்குப் பெயரான ஃபிபுலா. என் குறிப்பேட்டில் ‘பெரி’க்கு ஒதுக்கிய பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, இந்தச் சொற்களை அதற்குக் கீழே தனியாக எழுதி வைத்திருந்தேன்.