வட்டையில் எறிந்த யூரியா எங்கே போகுது?

50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோதான். வட்டையில், அதாவது நெல் வயலில், தண்ணி கட்டி நிற்கும்போதே எறிந்தால் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேராது.

யூரியா கரைந்து சில நாளில் அமோனியமாகும். பகலில் பாசி காபனீரொட்சைட்டை இழுப்பதால் தண்ணியின் காரத்தன்மை ஏறும். அந்தக் காரத்தில் அமோனியா வாயுவாய்க் கிளம்பிவிடும். கோடைக்காலச் சிறுபோகத்தில் கச்சான் காற்றும் வீசினால் கேட்கவே வேண்டாம்.

முதலில் வரம்பில் தண்ணி போகும் வாயான வக்கடையைத் திறந்து வடியுங்கள். சேறு தெரிய வேண்டும், வெடிக்கக் கூடாது. இலையில் பனி காய்ந்தபின் எறிந்து, மறுநாள் இரண்டு அங்குலம் தண்ணி கட்டினால் அமோனியம் சேற்றுக்குள் இறங்கிக் களியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்சிசன் இல்லாததால் நைத்திரேற்றாக மாறாது. ஆனால் நண்டு வளையால் தண்ணி ஒழுகி, வயல் காய்ந்து, திரும்பக் கட்டினால் கெட்டது: காயும்போது நைத்திரேற்றாகும், கட்டும்போது பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கி அனுப்பிவிடும். யூரியா எறிய முதல் வரம்பைச் சுற்றி வந்து வளைகளைக் களியால் அடைத்து மிதித்து விடுங்கள்.

வைக்கோலைக் கொளுத்துவதுதான் எனக்கு விளங்காத காரியம். ஒரு தொன் வைக்கோலில் பொட்டாசியம் 12 முதல் 17 கிலோ, நைதரசன் 5 முதல் 8 கிலோ. தீயில் நைதரசன் கிட்டத்தட்ட முழுக்கப் போகும். பொட்டாசியம் சாம்பலில் மிஞ்சினாலும் எரிந்த இடத்திலேயே கிடக்கும். அது கிடைக்காத மற்ற இடத்துப் பயிரின் கீழிலை நுனி கருகும். மடக்கி உழுவது நல்லதுதான். அதற்காக அடுத்த கிழமையே விதைத்தால் பயிர் மஞ்சளிக்கும், ஏனென்றால் வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். ஈர மண்ணில் மூன்று கிழமை விடுங்கள்.

உழுத கலங்கல் தண்ணியையும் உடனே வடிக்க வேண்டாம். பொசுபரசு பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்துதான் போகும். இரண்டு மூன்று நாள் தெளியவிட்டால் வயலிலேயே படியும். வடித்தால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நேரே வாவிக்குத்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் கடலுக்கும் வழியில்லை. நன்னீர் சேரும் ஓரங்களில் ஆகாயத்தாமரை கொழுப்பதில் நம் பசளைக்கும் பங்குண்டு. அதை அள்ளிக் கரையில் வாடவிட்டு, மாட்டெரு கலந்து உக்கவைத்துத் தென்னைக்குப் போடலாம். பூக்க முதல் அள்ளுங்கள். பிந்தினால் விதையும் கூடவே வரும்.