வேரைப் பாருங்க

காலையில் ஸ்பிரேயரை எடுத்துத் தண்ணீர் அடித்தேன். சாம்பல் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்த வேர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது.

பலெனாப்சிஸ் ஆர்க்கிட். கிழக்கு ஜன்னலோரம்தான் அதன் இடம்.

வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. வெலமென் என்று பெயர். உயிரற்ற செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிற்பதால் வெள்ளி நிறம். தண்ணீரை இழுத்துக்கொண்டதும் தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சையத்தைக் காட்டிவிடும். ஆமாம், இந்த வேரும் ஒளிச்சேர்க்கை செய்யும்!

"வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி விடணும்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"கிழமையைப் பார்க்காதீங்கக்கா, வேரைப் பாருங்க. வெள்ளையா இருந்தா விடுங்க. பச்சையா இருந்தா வேண்டாம்."

மண் மட்டும் போடவே கூடாது. காட்டில் இது மரத்தின் மேல் வாழும் செடி. மழை நனைக்கும், காற்று உலர்த்தும். மண்ணை அடைத்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். (புல்லுருவி என்று பலர் நினைக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன்: மரத்தின் சாற்றை இது ஒரு துளிகூட எடுப்பதில்லை.)

இரவு கொஞ்சம் குளிர்ந்தால்தான் பூத்தண்டு விடும். சென்னையில் அதற்கு மார்கழியும் தையும்தான்.

பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். பச்சையாக இருந்தால், கணுவிலிருந்து மறுபடி மொட்டு வரலாம்.