யார் காசில் படம்?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாணம், மாரியம்மன் பொங்கல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போகும், வாயனசாலைக்காரர்கள் (எங்கள் ஊர் நூலகத்துக்காரர்கள்) படம் போட்டால் புரொஜெக்டரும் திரையும் போகும். அப்படித்தான் ஜான் ஆபிரகாம் எனக்குப் பழக்கமானார். இந்தி நடிகர் இல்லை, சங்கனாச்சேரிக்கார மலையாள டைரக்டர்.

எல்.ஐ.சி. உத்தியோகத்தை உதறிவிட்டு புனே பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக்கிடம் படித்த மனுசன். மொத்தமே நாலு முழுநீளப் படம்தான், அதில் ஒன்று தமிழ், 1977-இல் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’. தேசிய விருது வாங்கிய படம், ஆனால் தியேட்டரில் பார்த்தேன் என்று சொல்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை. எங்கள் வாயனசாலையில் அதைப் போட்ட அன்று, பேராசிரியர் அக்ரஹாரத்து வீட்டில் கழுதைக்குட்டியை வளர்க்கிற காட்சிகளுக்கு அப்படிச் சிரிப்பு, வசனமே கேட்காமல் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனேன். கழுதையை ஊரே சேர்ந்து கொன்றதும் சிரிப்பு நின்றுபோய், கூட்டியதையெல்லாம் மறுபடி குறைக்க வேண்டியதாயிற்று. கொன்ற கழுதையையே பிறகு சாமியாக்குகிறார்கள், அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் என்னை மாதிரித் தொழில்காரனுக்குப் பிடித்தது அவர் காசு சேர்த்த விதம். கூட்டம் எந்தக் கட்சியுடையதானாலும் பில் கட்டுகிறவர் சொல்கிற பக்கம்தான் ஸ்பீக்கர் பாக்ஸ் திரும்பும், இது எனக்குத் தினசரி அனுபவம். ஜான் அதனால்தானோ என்னவோ தயாரிப்பாளரே வேண்டாம் என்று நண்பர்களோடு ‘ஒடேசா’ என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைப் போட்டு, ஜனங்களிடம் துண்டேந்தி, 1986-இல் ‘அம்மா அறியான்’ எடுத்தார். செத்துப்போன தோழனின் அம்மாவிடம் செய்தி சொல்லக் கிளம்புகிறவனோடு வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே போகிற கதை. சரி, மெதுவாகப் போகும், பாதியில் பீடி குடிக்க எழுந்து போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வருசமே கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

டிவியில் ஆவேசமாக அரசியல் பேசுகிற டைரக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது யார் காசு என்றுதான் முதலில் யோசிக்கிறேன், தொழில் புத்தி.

எங்கள் வாயனசாலையில் படம் போட்ட அன்றைய வாடகையும் பக்கெட் ஏந்தி வந்ததுதான். முழுசாக வரவில்லை, “ஓணம் கழிஞ்சு தாறேன் அண்ணா” என்றார் செயலாளர். ஒடேசாக்காரர்கள் புரொஜெக்டர்காரனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.